ரொறன்ரோவில் மிளகாயும் கத்தரியும் பாவலும்: வீட்டுக்குள் நாற்றுப் போட்டு வெளியே நடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெப்ரவரி பிறந்தால் போதும், தெரிந்தவர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "இப்ப மிளகாய் விதை போடலாமோ?" ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் பன்னிரண்டு வருடமாக நாற்றுப் போடுகிறேன். கேட்பவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். திகதிகள் எல்லாம் ரொறன்ரோவுக்கும் அதை ஒட்டிய இடங்களுக்கும் உரியவை. வின்னிபெக், எட்மன்ரன் பக்கம் இருப்பவர்கள் ஒன்றிரண்டு கிழமை பின்தள்ளிக்கொள்ளுங்கள்.

ஊரில் விதையைத் தூவிவிட்டால் தானாக முளைத்தது. இங்கே ஏன் வீட்டுக்குள் வைத்து வளர்க்க வேண்டும்?

காலம் போதாது, அதுதான் காரணம். ரொறன்ரோவில் கடைசி உறைபனி பெரும்பாலும் மே முதல் பாதியில் முடியும். இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி ஒக்ரோபரில் வந்துவிடும். இடையில் இருப்பது ஐந்து மாதம். அதிலும் மே மாத மண் கைவைத்தால் சில்லென்றிருக்கும், மிளகாய் விதை அதில் கிடந்து அழுகுமே தவிர முளைக்காது. மண் நன்றாகச் சூடாகும் ஜூன் நடுப்பகுதியில் விதைத்தால், மிளகாய்க்கு விதையிலிருந்து காய் வரை நான்கு மாதமாவது வேண்டும். கணக்குப் பாருங்கள்: காய் பிடிக்கிற நேரம் பனி வந்து நிற்கும். ஆகவே முதல் இரண்டரை மாதத்தை வீட்டுக்குள் கழித்துவிட்டு, பாதி வளர்ந்த செடியாக வெளியே கொண்டுபோகிறோம்.

முள்ளங்கி, கீரை, வெந்தயம், கொத்தமல்லிக்கு இதெல்லாம் வேண்டாம். நேரே மண்ணில் போடுங்கள்.

எந்த விதையை எப்போது போடுவது?

நடப்போகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாயும் கத்தரியும் ஜூன் முதல் கிழமை வெளியே போகும் என்று வைத்துக்கொண்டால், எட்டிலிருந்து பத்துக் கிழமை முன்னால், அதாவது மார்ச் கடைசிக் கிழமையில் விதை போட வேண்டும். காந்தாரி மாதிரி சின்னக் காரமிளகாய் முளைக்கவே மூன்று கிழமை எடுக்கும். அதை மட்டும் பெப்ரவரி கடைசியில் போட்டுவிடுங்கள். தக்காளிக்கு ஆறேழு கிழமை போதும், ஏப்ரல் முதல் கிழமை சரி.

பாவல், புடோல், பீர்க்கு, சுரை எல்லாம் ஓட்டக்காரர்கள். மே பிறக்கும்போது போட்டால் ஜூனில் கொடி எட்டிப் பார்க்கும். வெண்டியும் அப்படித்தான். பயித்தங்காயை ஜூன் முதல் கிழமை நேரே மண்ணில் ஊன்றுவதே என் வழக்கம். வீட்டுக்குள் வளர்த்த பயித்தைச் செடி நட்ட பிறகு பத்து நாள் முறைத்துக்கொண்டு நிற்கும், அதற்குள் மண்ணில் ஊன்றியது அதைப் பிடித்துவிடும்.

இன்னும் முந்திப் போட்டால் பெரிய செடியாக நடலாமே?

நடலாம் போலத்தான் தோன்றும். ஜனவரியில் போட்ட தக்காளி ஏப்ரல் கடைசியில் ஒரு மீற்றர் உயரத்துக்கு வந்து, வேர் சாடிக்குள் சுற்றிச் சுற்றிக் கயிறு திரித்த மாதிரிக் கிடக்கும். அதை வெளியே நட்டால் இருக்கிற பூவை உதிர்த்துவிட்டுப் பல நாள் அப்படியே நிற்கும். பக்கத்தில் நட்ட ஆறு கிழமைச் செடி ஜூலையில் அதைத் தாண்டிப் போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு சாண் உயரம், பென்சில் தடிப்பில் தண்டு, கரும்பச்சை இலை, இன்னும் பூக்காத செடி: நல்ல நாற்று என்றால் அதுதான். உயரத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள்.

மூன்று கிழமை ஆகியும் மிளகாய் முளைக்கவில்லை. விதை பழுதோ?

விதையைக் குறை சொல்வதற்கு முன் மண்ணின் சூட்டைப் பாருங்கள். மார்ச் மாதம் பேஸ்மென்ற் 18 பாகை இருக்கும். நமக்கு ஒரு சுவெற்றர் போட்டால் சரி, மிளகாய்க்கும் கத்தரிக்கும் அது போதாது. அவற்றின் விதைக்கு 27 பாகையை ஒட்டிய மண்சூடு வேண்டும். அந்தச் சூட்டில் மிளகாய் எட்டுப் பத்து நாளில் தலைகாட்டும். 18 பாகையில் ஒரு மாதம்கூடப் போகலாம், அதற்குள் பாதி அழுகிவிடும்.

தட்டுக்கு அடியில் வைக்கும் ஹீற் மற் (சூடாக்கும் விரிப்பு) தோட்டச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் இதற்குச் செலவழியுங்கள். இல்லாவிட்டால் குளிர்சாதனப்பெட்டியின் வெளி மேற்புறம், சூடாக்கும் உலை இருக்கும் அறை என்று வீட்டில் வெதுவெதுப்பான மூலை எங்காவது இருக்கும். முளைக்கும் வரை மிளகாய்க்கு வெளிச்சம் தேவையில்லை. முளை தெரிந்த அன்றே லைற்றுக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள், ஒரு நாள் பிந்தினாலும் நூல் மாதிரி நீண்டுவிடும்.

பாவல் விதைக்கு வேறு வித்தை. ஓடு மரம் மாதிரி இருக்கும். கூர்நுனி ஓட்டை நகம்வெட்டியால் ஒரு துளி மட்டும், உள்ளே பருப்பில் படாமல் வெட்டி, இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் ஈரப் பேப்பர் துவாயில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, ஹீற் மற்றின் மேல் வையுங்கள். நாலைந்து நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். அதை முறியாமல் எடுத்து, வேர் கீழ்ப்பக்கம் பார்க்க மண்ணில் வைக்க வேண்டும். என் அம்மா இதையே ஈரத் துணியில் கட்டி அடுப்படியில் வைப்பார். வழி ஒன்றுதான்.

தெற்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறது. லைற் வாங்கத்தான் வேண்டுமா?

வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். மார்ச் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் பகல் 12 மணித்தியாலம், அதில் பாதி நாள் மப்பு. கண்ணாடி கொஞ்ச வெளிச்சத்தைத் தின்றுவிடும், இரவில் கண்ணாடியோரக் குளிர் வேரைத் தாக்கும். ஜன்னலில் வளர்ந்த நாற்று எப்போதும் ஒரு பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

"செடி வளர்க்கும் விளக்கு" என்று விலை கூட்டி விற்பதுதான் வேண்டும் என்றில்லை. கராஜில் மாட்டும் நாலடி எல்ஈடி லைற் போதும். பெட்டியில் 5000 கெல்வினுக்கும் 6500 கெல்வினுக்கும் இடையில் எழுதியிருந்தால் சரி. சங்கிலியில் தொங்கவிட்டு, இலைக்கு மேலே ஒரு சாண் அளவில் வையுங்கள். செடி வளர வளர உயர்த்துங்கள். ரைமர் போட்டு 14 தொடக்கம் 16 மணித்தியாலம் எரியவிட்டு, மிச்ச நேரம் இருட்டில் விடுங்கள். 24 மணித்தியாலமும் எரிய விடுபவர்கள் இருக்கிறார்கள். அது தக்காளி இலையை மஞ்சளாக்கிவிடும்.

ஒரு சின்ன மேசை விசிறியும் வையுங்கள். மெல்லிய காற்றில் ஆடி ஆடித்தான் தண்டு உரம் ஏறும்.

தோட்டத்து மண்ணையே தட்டில் போடலாமா?

வேண்டாம். அது தட்டில் இறுகிக் களிமண் கட்டியாகிவிடும், கூடவே பூஞ்சையும் புழுவும் வரும். விதைக்கென்று விற்கும் கலவை வாங்குங்கள், அல்லது தென்னந்தும்புத் தூளோடு பெர்லைற் என்னும் இலேசான வெள்ளைத் துகளைக் கலந்துகொள்ளுங்கள். அதில் சத்து ஒன்றும் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். விதையிலைக்குப் பிறகு வரும் அடுத்த சோடி இலை விரிந்ததும், திரவப் பசளையைச் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்துக் கிழமைக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும்.

நேற்று நன்றாக இருந்த நாற்று இன்று காலை அடியில் மெலிந்து சரிந்து கிடக்கிறது. என்ன நோய்?

நாற்றழுகல். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்து, நூலால் இறுக்கிக் கட்டியது போல மெலிந்திருக்கும். பித்தியம், ரைசோக்ரோனியா போன்ற கிருமிகள் செய்யும் வேலை. சரிந்ததைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

வருவதற்குக் காரணம் அனேகமாக நம் அன்புதான். ஒவ்வொரு நாளும் மேலாகத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். தட்டை அடியில் தண்ணீரில் வைத்து இருபது நிமிடம் உறிஞ்ச விட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அடுத்த தடவை எப்போது என்று அறிய, தட்டைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு கிழமையில் பாரத்தை வைத்தே கை சொல்லிவிடும். விதை முளைத்ததும் பிளாஸ்ரிக் மூடியை எடுத்துவிடுங்கள். பழைய சாடிகளைப் பாவிப்பதென்றால் முதலில் கழுவி, பிளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள்.

மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈ பறந்தாலும் இதே மருந்து: மேல்மண்ணைக் காயவிடுவது. கூடவே மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று குத்தி வையுங்கள்.

எப்போது பெரிய சாடிக்கு மாற்றுவது?

இரண்டு சோடி நிஜ இலை வந்ததும். தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள், இலையைப் பிடியுங்கள். இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசிந்தால் செடியே போய்விடும். நீண்டுபோன தக்காளியை முதல் இலை வரை ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலிருந்தே வேர் விடும். மிளகாயையும் கத்தரியையும் இருந்த ஆழத்திலேயே வையுங்கள். பாவல், புடோல் வகைக்கு வேரைத் தொட்டாலே பிடிக்காது. அவற்றைத் தொடக்கத்திலேயே பெரிய சாடியில் போட்டு ஒரே தடவையில் மண்ணோடு இறக்குவதுதான் நல்லது.

வெளிக்குப் பழக்குவது என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள். தொடங்கிய காலத்தில் ஒரு வருடம், மூன்று மாதம் வளர்த்த 24 மிளகாய் நாற்றை, நல்ல வெயில் அடிக்கிறதே என்று ஒரு சனிக்கிழமை காலை நேரே டெக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பின்னேரம் மூன்று மணி. மேல் இலைகளில் எல்லாம் வெள்ளைத் திட்டு. தொட்டால் பட்டம் கட்டும் ரிஷூத் தாள் மாதிரி சரசரத்தது. தண்ணீர் இல்லாத வாட்டம் என்று நினைத்து ஊற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. அது வெயில் சுட்ட இலை, திரும்பாது. பதினொரு செடிதான் மிஞ்சியது. அம்மா அந்தத் தட்டைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. விதை அவர் காயவைத்து எடுத்தது.

ஏன் அப்படி ஆகிறது? வெட்டவெளியில் நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். பேஸ்மென்ற் லைற்றில் அதில் பத்திலொரு பங்கு கிடைத்தாலே பெரிய விடயம். வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு மேல்தோலும் மெழுகும் மெல்லியவை. வெயிலின் புற ஊதாக் கதிரை அது கண்டதே இல்லை. தண்டு காற்றைக் கண்டதில்லை, வேர் குளிர்ந்த மண்ணைக் கண்டதில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டினால் எந்தச் செடி தாங்கும்?

நான் செய்வது இது. மே நடுப்பகுதியில், பகல் 15 பாகைக்கு மேல் போகும் நாளில் தொடங்குவேன். முதல் நாள் வீட்டு வடக்குப் பக்கச் சுவரோரம், நிழலில் ஒரு மணித்தியாலம். இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாளிலிருந்து காலை வெயில் அரை மணித்தியாலம், பிறகு நிழல். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போய், பத்தாம் நாள் பகல் முழுக்க வெயிலில் நிற்கும். இரவு 12 பாகைக்குக் கீழே போகாது என்றால் கடைசி இரண்டு இரவும் வெளியிலேயே. காற்று பலமான நாளில் வெளியே வைக்க வேண்டாம், காற்று வெயிலைவிடக் கெதியாக இலையைக் காயவைக்கும். மப்பான நாள் கிடைத்தால் அது வரம்.

வேலைக்குப் போகிறவர்களால் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். விக்ரோறியா தின நீண்ட வார இறுதியில் தொடங்குங்கள். மூன்று நாள் வீட்டில் நிற்பீர்கள். அதற்குப் பிறகு காலை வெயில் மட்டும் படும் இடமாகப் பார்த்து, மேலே பழைய மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவிட்டுப் போகலாம். பழகிய இலையின் நிறமே மாறும்: பளபளப்புக் குறைந்து, தடித்து, சில மிளகாய்த் தண்டுகளில் ஊதாச் சாயல் ஏறும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

எந்த நாளில் நடுவது? விக்ரோறியா தினத்தில் எல்லோரும் நடுகிறார்களே?

மே 25க்கு முந்திய திங்கட்கிழமை விக்ரோறியா தினம். அதற்குள் உறைபனி அனேகமாக முடிந்துவிடும், ஆகவே இங்குள்ள தோட்டக்காரர்களுக்கு அது பழைய கணக்கு. தக்காளிக்கு அது பொருந்தும். நம்முடைய பயிர்களுக்குப் பனி விழாமல் இருந்தால் மட்டும் போதாது. 10 பாகைக்குக் கீழ் இரவுகள் தொடர்ந்தால் கத்தரியும் பாவலும் செத்துவிடாது, ஆனால் இலை மஞ்சளாகி அப்படியே உறைந்து நிற்கும். அந்தப் பின்னடைவு ஜூலை வரை தொடரும்.

அதனால் நாட்காட்டியை விட்டுவிட்டு இரவு வெப்பநிலையைப் பாருங்கள். அடுத்த ஏழு நாள் இரவும் 13 பாகைக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் மிளகாயும் கத்தரியும் போகலாம். பாவலுக்கும் புடோலுக்கும் 15. சமையல் வெப்பமானி ஒன்றைக் காலை ஒன்பது மணிக்கு மண்ணில் விரலளவு ஆழத்தில் குத்திப் பாருங்கள். 16 பாகை காட்டினால் மண்ணும் தயார். இரண்டு கிழமை முன்பே கறுப்புப் பிளாஸ்ரிக் விரித்து வைத்தால் மண் சீக்கிரம் சூடாகும். நடுவதைப் பின்னேரத்தில் செய்யுங்கள், இரவு முழுக்க ஆறுதலாக நிற்கும்.

நட்ட பிறகு உறைபனி எச்சரிக்கை வந்தால்?

பொழுது சாய்வதற்கு முன் நன்றாகத் தண்ணீர் விட்டு, பழைய படுக்கை விரிப்பால் மூடுங்கள், ஓரங்கள் தரையைத் தொட வேண்டும். செடி சின்னதென்றால் வாளியைக் கவிழ்த்துவிடலாம். வெறும் பிளாஸ்ரிக் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடம் கருகும். காலை வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஒரே இரவில் நாற்று அடியோடு வெட்டப்பட்டுக் கிடக்கிறது. அணிலா?

தண்டு தரைமட்டத்தில் வெட்டுண்டு, செடி பக்கத்திலேயே கிடந்தால் அது வெட்டுப்புழு. விரலால் மண்ணைக் கிண்டினால் சுருண்டு கிடக்கும் சாம்பல் புழு அகப்படும். கழிவறைத் தாள் சுருளின் அட்டைக் குழாயைத் துண்டாக்கி, தண்டைச் சுற்றி மண்ணுக்குள் இரண்டு செ.மீ. இறங்க நட்டுவிட்டால் வராது. தண்டு சாய்வாகக் கத்தரித்தது போல இருந்து மேல்பகுதியைக் காணவில்லை என்றால் முயல். அதற்குக் கம்பி வலைதான். அணில் அனேகமாகச் சாப்பிடாது, மண்ணைக் கிண்டிச் செடியைப் பிடுங்கி எறியும்.

சிறகவரை கொடி கூரை வரை போனது, ஒரு பூக்கூட இல்லை. பசளை போதாதா?

பசளையில் குறை இல்லை, பகல் நீளத்தில்தான் சிக்கல். பெரும்பாலான சிறகவரை வகைகள் பகல் 12 மணித்தியாலத்துக்கு அருகே குறுகினால்தான் பூக்கும். ஊரில் வருடம் முழுக்க அப்படித்தான். ரொறன்ரோவில் ஜூனில் பகல் பதினைந்தரை மணித்தியாலம். அது 12க்குக் குறைய செப்ரெம்பர் கடைசி ஆகும். பூ வரும்போது பனி வாசலில் நிற்கும். நம்மூர் அவரையிலும் பல இப்படித்தான். நீண்ட பகலிலும் பூக்கும் வகை என்று எழுதி விற்கும் விதையை வாங்குங்கள், ஊர் விதையை வைத்து மாரடிக்க வேண்டாம். கத்தரி, மிளகாய், வெண்டி, பயித்தை நம்பிப் போடக்கூடியவை. ஒன்ராறியோவின் வைன்லாந்து ஆய்வு நிலையம் புலம்பெயர்ந்தோர் விரும்பும் வெண்டி, நீளக் கத்தரி போன்றவற்றை இங்குள்ள பண்ணைகளில் விளைவிப்பது பற்றித் தனி ஆய்வே செய்திருக்கிறது.

ஊரிலிருந்து விதை கொண்டுவரலாமா?

சில விதைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பயணத்துக்கு முன்பே கனடிய உணவுப் பரிசோதனை முகமையின் விதியைப் பாருங்கள், விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவியுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் பல ஊர்களில் நடக்கும் "சீடி சற்றர்டே" விதைச் சந்தைகளில், இந்தக் குளிரில் காய்த்துப் பழகிய செடியின் விதை கிடைக்கும். என் அனுபவத்தில் அதுதான் மேல்.

முதல் வருடம். எத்தனை செடி போடுவது?

மூன்று மிளகாய், இரண்டு கத்தரி, இரண்டு தக்காளி, ஒரு பாவல். ஒவ்வொன்றிலும் இரண்டு மடங்கு விதை போடுங்கள், சில முளைக்காது, சில சரியும். மாடிக் குடியிருப்பு என்றால் 20 லீற்றர் வாளிக்கு அடியில் ஓட்டை போட்டு ஒரு மிளகாய் வையுங்கள். பல்கனியில் காற்று அதிகம், அங்கே பழக்குவதற்குப் பத்து நாள் போதாது, இரண்டு கிழமை எடுங்கள். ஒக்ரோபரில் பனி அறிவித்தால் அந்த வாளியையே உள்ளே தூக்கிவந்து, கிளைகளைப் பாதியாக வெட்டி, ஜன்னலோரம் வைத்துவிடலாம். மிளகாய் பல வருடம் வாழும் செடி. மார்ச்சில் துளிர் விடும்போது அதற்கு விதையும் வேண்டாம், சூடாக்கும் விரிப்பும் வேண்டாம். மே மாதம் வெளியே கொண்டுபோகும்போது மட்டும் அதையும் புது நாற்று மாதிரியே நிழலிலிருந்து பழக்குங்கள்.